மினுக்கின மஞ்சளைத் திருப்பி அனுப்பிய வெள்ளவத்தை மில்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு சின்ன ஒழுங்கையில், பெயர்ப் பலகைகூட இல்லாமல் இருக்கிறது இந்த மில். செத்தல் மிளகாய் அரைபடுகிற மணத்தைப் பிடித்துக்கொண்டு தும்மித் தும்மிப் போனால் போதும், யாரிடமும் வழி கேட்கத் தேவையில்லை. ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன். நன்றாக அரைத்துத் தந்தார்கள்தான், ஆனால் நட்சத்திரம் அதற்கில்லை, முதல் தடவை போனபோது அரைக்க மாட்டேன் என்று சொன்னதற்கு.

மனைவிக்கு ஐந்தாம் மாதம். இரவில் நித்திரை வராமல் போனைத் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஜென்னா ஃபோர்சித் என்ற ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளரைப் பற்றிப் படித்தேன். வங்கதேசத்துக் கிராமங்களில் கர்ப்பிணிப் பெண்களின் இரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருந்திருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று அவரும் டாக்காவில் உள்ள ஆய்வாளர்களும் தேடிக்கொண்டே போய், கடைசியில் வந்து நின்ற இடம் மஞ்சள் தூள். ஈயத்துக்கு ஐசோடோப் விகிதம் என்று கைரேகை மாதிரி ஒன்று உண்டு, இரத்தத்தில் இருந்ததும் மஞ்சளில் இருந்ததும் ஒத்துப்போயிருக்கிறது. 2019இல் வெளியான முடிவு இது. கலந்திருந்தது லெட் குரோமேட் என்ற ஈயச் சேர்மம், பெயின்டுக்குப் பளிச்சென்ற மஞ்சள் நிறம் கொடுக்கிற அதே பொடி.

உடம்புக்கு ஈயத்தையும் கல்சியத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதாம், எலும்பில் கொண்டுபோய்ச் சேர்த்து வைத்துவிடும். பிள்ளைத்தாய்ச்சியின் எலும்பிலிருந்து கல்சியம் இறங்கும்போது இதுவும் கூடவே இறங்கி வயிற்றுப் பிள்ளைக்குப் போகும். பிறந்த பிறகும், சின்னப் பிள்ளையின் உடம்பு பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு கூடுதலாக ஈயத்தை இழுத்துக்கொள்ளும். இவ்வளவுவரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த இரவே எழும்பிப் போய்ச் சமையலறையில் இருந்த மஞ்சள் பைக்கட்டைக் குப்பையில் போட்டேன். விடிய மாமி அதைத் திருப்பி எடுத்துத் தட்டில் வைத்துவிட்டார், அது வேறு கதை.

இங்கே இலங்கையில் 2019 கடைசியில் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியபோது நடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். விலை கிலோ ஆயிரக்கணக்கில் ஏறியது, மன்னார்ப் பக்கக் கடலில் கடத்தி வந்த மஞ்சளை மூட்டை மூட்டையாகப் பிடித்தார்கள், தூளில் மா கலக்கிறார்கள் என்ற பேச்சு வேறு. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை: தூளை நம்பாதே, கட்டையாக வாங்கிக் கண் முன்னால் அரை. அதனால் புறக்கோட்டைக்குப் போய், ஒரு கடையில் இருப்பதிலேயே அழகான மஞ்சள் கட்டையாகப் பார்த்து ஒரு கிலோ வாங்கிக்கொண்டு இந்த மில்லுக்கு வந்தேன்.

மில் அங்கிள் ஒரு கட்டையை எடுத்தார், கட்டைவிரலில் தண்ணீர் தொட்டுத் தேய்த்தார், விரலில் மஞ்சள் அப்பிக்கொண்டு வந்தது. பிறகு அதை உடைத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். உள்ளே இருந்த நிறத்தைவிட வெளியே பளிச்சென்று இருந்தது.

"தம்பி, இது மினுக்கின கட்டை. நல்ல மஞ்சள் வெளியில மங்கலாத்தான் இருக்கும், உடைச்சாத்தான் நிறம் தெரியும். இதை நான் அரைக்க மாட்டன், வேற மில்லுக்குக் கொண்டு போங்கோ."

எனக்குச் சரியான கோபம். வீட்டுக்கு வந்து மறுபடி வாசித்தபோதுதான் கோபம் இறங்கியது. வங்கதேசத்தில் அந்தப் பொடியைத் தூளில் கலந்ததோடு விடவில்லை, கட்டையை மினுக்குகிற ஆலையிலேயே மேலே பூசியிருக்கிறார்கள். 1980களில் வெள்ளத்தில் அடிபட்டுக் கறுத்துப்போன மஞ்சளை விற்பதற்காகத் தொடங்கிய பழக்கமாம். அதாவது நான் கண் முன்னால் அரைத்தாலும் ஒன்றுதான், கண்ணுக்குப் பின்னால் அரைத்தாலும் ஒன்றுதான். வாங்கும்போதே அழகைப் பார்த்து ஏமாந்திருக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும், விரலால் தேய்த்துப் பார்ப்பது பரிசோதனை ஆகாது. ஈயத்துக்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை. டாக்காவில் கையில் பிடிக்கிற எக்ஸ்-ரே கருவியைச் சந்தைக்கே கொண்டுபோய் மஞ்சளைச் சோதித்து, கலந்து விற்றவர்களுக்குத் தண்டம் அடித்திருக்கிறார்கள். 2019இல் சந்தை மஞ்சளில் 47 சதவீத மாதிரிகளில் ஈயம் இருந்ததாம், 2021இல் ஒன்றிலும் இல்லை. இரண்டே வருடத்தில்! எனக்கு அன்றைக்குக் கிடைத்தது அங்கிளின் கட்டைவிரல் மட்டும்தான், அதற்கும் அவர் ஒரு சதம் வாங்கவில்லை.

இரண்டாவது தடவை, கண்டிப் பக்கமிருந்து தெரிந்தவர் ஒருவர் தந்த கரடுமுரடான, மண் ஒட்டிய மஞ்சளைக் கழுவி பல்கனியில் காயப்போட்டுக் கொண்டு போனேன். கடற்காற்றுக்கு லேசில் காயாது, நாலு நாள் எடுத்தது. உடைத்தால் 'டக்' என்று சத்தம் வர வேண்டும், இல்லாவிட்டால் அங்கிள் திரும்பவும் அனுப்பிவிடுவார். இந்த முறை ஒரு சுண்டு அரிசியை முதலில் ஓட்டி மில்லைத் துடைத்துவிட்டு அரைத்தார். தூள் நல்ல பதம், மணம் ஒழுங்கை முழுக்க. கூலியும் சேர்த்துப் பார்த்தால் பைக்கட் விலையைவிடக் கூடத்தான் வருகிறது, எனக்குப் பரவாயில்லை.

ஒரு நட்சத்திரம் ஏன் குறைத்தேன் என்றால், அரிசி ஓட்டியும் மிளகாய்க் காரம் கொஞ்சம் ஏறிவிட்டது. மாமி பாலில் மஞ்சள் போட்டுக் கொடுக்க, ஒரு வாய் குடித்த மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அதைவிட, சூடான தூளை அப்படியே பிளாஸ்டிக் பையில் கட்டித் தருகிறார், அல்லது பழைய பேப்பரில். இவ்வளவு விஷயம் தெரிந்த மனுசன் இதை ஏன் செய்கிறார் என்று விளங்கவில்லை. கேட்டால் சிரிக்கிறார்.

காலையில் மில் திறந்தவுடனே, மிளகாய்க்காரர்கள் வருவதற்கு முன்னால் போய்விடுங்கள். பௌர்ணமி விடுமுறையான போயா அன்று பூட்டு. மூடியுள்ள டின் ஒன்றையும் கையோடு கொண்டு போங்கள்.