மேட் பிளாக் என்று நம்பி 86,500 ரூபாய் போச்சு: அடுப்படி மாற்றப் போகிறவர்கள் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

கோபத்தில்தான் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று காலையோடு அந்தக் கடைக்கு நான் போட்ட ஃபோன் இருபத்தொன்று. அவர்கள் எடுத்தது நாலு. 86,500 ரூபாய் கொடுத்தவளுக்கு இதுதான் மரியாதை.

கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். மாடுலர் கிச்சன் செய்து, அதற்குப் பொருத்தமாக சிமினி, ஹாப் (மேடையில் பதிக்கிற கேஸ் அடுப்பு), சிங்க் எல்லாம் ஒரே இடத்தில் விற்கிற ஏசி ஷோரூம். உங்கள் ஊரிலும் அப்படி ஒன்று இருக்கும். கலரும் ஃபினிஷும் எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன்.

எங்களுக்குத் தூத்துக்குடி. பதினாறு வருஷமாகக் கடப்பாக்கல் மேடை, சாதா சில்வர் சிங்க், இரண்டு பர்னர் ஸ்டவ். மே மாதம் எல்லாவற்றையும் உடைத்துப் புதிதாகப் போட்டோம். கப்போர்டு வெள்ளை, மேடை சாம்பல். சாமான் எல்லாம் மேட் பிளாக்கில், அதாவது பளபளப்பு இல்லாத கறுப்பில் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று எனக்கு ஆசை. மொபைலில் பார்க்கிற வீடியோ எல்லாம் அப்படித்தானே இருக்கிறது. அத்தைக்குப் பிடிக்கவே இல்லை. "அடுப்படிக்குப் போயி யாராவது கறுப்பு வைப்பாவளா? அழுக்கு எங்க கிடக்குன்னே தெரியாதுல்லா" என்றார். தெரியாமல் இருப்பது நல்லதுதானே அத்தை என்று நான் சிரித்தேன். இப்போது அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. திட்டிவிட்டால்கூடப் பரவாயில்லை போலிருக்கிறது.

ஷோரூமில் அன்றைக்கு என்ன உபசாரம்! மோர் வந்தது. பையனுக்குச் சாக்லேட். ஓனர் தம்பிக்கு முப்பது வயது இருக்கும், வாய்க்கு வாய் அக்கா. டிஸ்ப்ளேயில் இருந்த கறுப்பு சிங்கின் பக்கத்தில் நின்று, தன் பைக் சாவியை எடுத்து அதன் ஓரத்தில் சரக் சரக் என்று இழுத்தார். எனக்குப் பல் கூசிவிட்டது. கட்டை விரலால் துடைத்துக் காட்டினார். ஒரு கோடு இல்லை.

"இது பெயின்ட் இல்லக்கா, பிவிடி. மெட்டல் மேல மெட்டலை ஏத்துறது. சிங்க் 304 கிரேடு ஸ்டீல். உங்க பேரப்பிள்ளைங்க காலம் வரைக்கும் நிக்கும்." சொல்லிவிட்டுச் சாவியை என் கையில் கொடுத்தார். "நீங்களே கீறிப் பாருங்கக்கா."

கீறினேன். கோடு விழவில்லை. விழுந்தது நான்தான்.

அவர் சொன்னது பொய்யும் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். காற்றை உறிஞ்சி எடுத்த அறைக்குள் டைட்டானியம் போன்ற உலோகத்தை ஆவியாக்கி ஸ்டீல் மேல் படிய வைப்பதுதான் பிவிடி. மைக்ரான் கணக்கில் மெல்லிய படலம், ஆனால் கெட்டி. பைக் சாவிக்கெல்லாம் அசையாது. அந்த டிஸ்ப்ளே சிங்க் நிஜமான பிவிடிதான் என்று இப்போதும் நினைக்கிறேன். எங்கள் வீட்டுக்கு வந்தது அதுதான் என்று எப்படி நம்பினேன் என்றுதான் தெரியவில்லை.

சிமினி 34,000. நாலு பர்னர் ஹாப் 26,500. சிங்கும் டேப்பும் சேர்த்து 26,000. ஆக 86,500. இதே சிமினி சில்வரில் ஆறாயிரம் குறைவு, கறுப்புக்காகத்தான் கூடக் கொடுத்தோம். 50,000 ஜிபேயில் அட்வான்ஸ். மீதி 36,500-ஐக் கேஷாகக் கொடுத்தால் வரியில் பார்த்துக்கொள்ளலாம் என்றார், கொடுத்தோம். இதற்கு என்னைத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். கையில் வந்தது பில் இல்லை, எஸ்டிமேட் என்று அச்சடித்த ஒரு சீட்டு. அதில் இருந்தது இவ்வளவுதான்: பிளாக் சிமினி 1, பிளாக் ஹாப் 1, பிளாக் சிங்க் டேப் செட் 1. மாடல் நம்பர் கிடையாது. பிவிடி என்ற எழுத்து கிடையாது. 304 கிடையாது.

ஜூன் 6-ஆம் தேதி சாமான் வந்தது. மாட்டி முடிக்க ராத்திரி ஏழு மணி. டியூப்லைட்டைப் போட்டதுமே எனக்குத் திக்கென்றது. மூன்றும் மூன்று கறுப்பு. சிமினி பழுப்படித்த கறுப்பு, கருப்பட்டி மாதிரி. ஹாப் கண்ணாடி நீலம் ஓடிய கறுப்பு. சிங்க் ஸ்லேட்டுப் பலகைச் சாம்பல். ஷோரூமில் மேலே வரிசையாக மஞ்சள் ஸ்பாட் லைட். அந்த மஞ்சளில் எல்லாக் கறுப்பும் ஒரே கறுப்பாகத்தான் தெரியும். வீட்டு டியூப்லைட்டின் வெள்ளை வெளிச்சத்தில் ஒவ்வொன்றின் சாயமும் தனித்தனியாக எட்டிப் பார்க்கிறது. ஃபோன் பண்ணினேன். "புதுசுல அப்படித்தாங்கா தெரியும், யூஸ் பண்ணப் பண்ண செட் ஆயிடும்" என்றார். கலர் எப்படி செட் ஆகும்? கேட்கத் தோன்றவில்லையே எனக்கு.

சரி, அதைக்கூட விட்டுவிடலாம் என்று இருந்தேன். ஜூன் 29 காலை. முந்தின நாள் மீன்குழம்பு, சட்டியைக் கழுவிவிட்டு சிங்கைத் துடைக்கிறேன். தண்ணீர் இறங்கும் ஓட்டையின் விளிம்பில் கால் ரூபாய் அளவுக்கு வெள்ளையாக ஏதோ தெரிந்தது. சோற்றுப் பருக்கை என்று நினைத்து நகத்தால் நெண்டினேன். பருக்கை இல்லை. கறுப்பு, வெங்காயச் சருகு மாதிரி நகத்தோடு உரிந்து வந்தது. கீழே பளபளவென்று ஸ்டீல். இன்னும் கொஞ்சம் இழுத்தால் இன்னும் கொஞ்சம் வருகிறது. இருபத்து மூன்று நாள். கம்பி நார் போடவே இல்லை, ஸ்பாஞ்ச்தான். ஒரு வாரத்தில் உரிந்த இடத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகத் துரு.

அன்றைக்கு ஆரம்பித்தது அலைக்கழிப்பு.

முதல் ஃபோன்: போட்டோ அனுப்புங்கக்கா. அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. இரண்டு நாள் கழித்து: புளித் தண்ணி ஊத்தியிருப்பீங்க. சிங்கில் புளித் தண்ணீர் ஊற்றாமல் தெருவிலா கொண்டுபோய் ஊற்றுவார்கள்? அப்புறம்: உங்க ஊர் உப்புக் காத்துக்கு எதுவும் தாங்காதுக்கா. உப்பளம் இருக்கிற ஊர் என்று தெரிந்துதானே விற்றீர்கள் என்றேன். லைன் கட். அடுத்து டெக்னீஷியன் என்று ஒரு பையன் வந்தான், இரண்டு போட்டோ எடுத்தான், விசிட்டிங் சார்ஜ் ஐந்நூறு கேட்டான். பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை, மோர் கொடுத்துத்தான் அனுப்பினேன். கொடுக்காதது அந்த ஐந்நூறு மட்டும். பிறகு ரிசப்ஷன் பெண்: "சார் சைட்ல இருக்காங்க மேடம்." அக்கா எப்போது மேடம் ஆனேன் என்று தெரியவில்லை.

கடைசியில் நேரில் போனோம். ஓனர் தம்பி எழுந்திருக்கவில்லை. மோரும் இல்லை. "வாரண்டி மோட்டருக்கு மட்டுந்தான்கா. ஃபினிஷுக்கு வாரண்டி எந்தக் கம்பெனியும் தராது." டிஸ்ப்ளே சிங்க் அதே இடத்தில்தான் இருந்தது. என் வீட்டுச் சாவியை எடுத்து அதன் ஓரத்தில் ஒரு இழு இழுத்தேன். கோடு விழவில்லை. "இதையே கழற்றிக் கொடுங்கள்" என்றேன். அது டிஸ்ப்ளே பீஸாம், விற்பனைக்கு இல்லையாம்.

அவர் சொன்ன வாரண்டி விஷயம் மட்டும் பெரும்பாலும் உண்மை என்று வந்து படித்த பிறகு தெரிந்தது. வீட்டில் இருக்கிற ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் அட்டைகளை எடுத்துப் பாருங்கள். பெயின்ட், கண்ணாடி, வெளிப்பூச்சு எல்லாம் பொடி எழுத்தில் விலக்கு என்று போட்டிருக்கும். நாம் ஆறாயிரம் கூடக் கொடுத்து வாங்குவதே அந்த வெளிப்பூச்சைத்தான்.

எங்கள் தெருவில் கைப்பிடி கிரில் அடிக்கிற ஸ்டீல் பட்டறை அண்ணன் ஒருவர் உண்டு. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். காந்தத்தை வைத்தேன், ஒட்டவில்லை, அப்போ 304தானே அண்ணே என்றேன். சிரித்தார். அதைவிட மட்டமான 202 கிரேடு ஸ்டீலும் காந்தத்தில் ஒட்டாதாம்மா. பையிலிருந்து சின்ன பாட்டில் மருந்தும் ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரியும் எடுத்து, உரிந்த இடத்தில் ஒரு சொட்டு விட்டு வயரை வைத்தார். சொட்டு சிவந்துபோனது. மாங்கனீஸ் கூடுதல், நிக்கல் குறைச்சல், இது 304 இல்லை என்றார். 304 என்றால் நிக்கல் எட்டு சதவீதமாவது இருக்க வேண்டுமாம். அதிலும் கடலோரம் என்றால் 304-லேயே மேலே பழுப்புக் கறை வரும், அதைவிட உசத்தியான 316 கிரேடு போட்டால்தான் நிம்மதி என்றார். கறுப்புப் பூச்சுக்குக் கீழே எந்த ஸ்டீல் என்று யார் பார்க்கப் போகிறார்கள்? அதுதான் அவர்களுக்கு வசதி. அத்தை சொன்னதும் கிட்டத்தட்ட இதுதானே.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், பையன் ஸ்கூலிலிருந்து வருகிற நேரம் ஆகிவிட்டது. அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். சாம்பிளை ஷோரூம் லைட்டில் பார்க்காதீர்கள், வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பில்லில் கிரேடு, கோட்டிங், மாடல் நம்பர் மூன்றும் எழுத்தில் வேண்டும். வீட்டுக்கு வந்த பீஸில், அடியில் தெரியாத இடத்தில், வந்தவர்கள் கிளம்புவதற்கு முன்னால் சாவியால் கீறிவிடுங்கள். கேஷ் கொடுக்காதீர்கள். போர் தண்ணீர் வீடு என்றால் மேட் பிளாக்கே வேண்டாம், உப்புத் திட்டு வெள்ளை வெள்ளையாகத் தெரியும், தினமும் துடைத்தே சாக வேண்டும். இவ்வளவுதான் இப்போது ஞாபகம் வருகிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். பில் தராததே 2019 நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகமாம். பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடக் கட்டணம் இல்லை. 50,000-க்கு ஜிபே ஆதாரம் இருக்கிறது. மீதி 36,500-க்கு அந்த எஸ்டிமேட் சீட்டும் என் வாயும்தான்.

இதை எழுதி முடிக்கிற நேரத்தில் வாட்ஸ்அப்பில் டிங் என்றது. என் ஃபோனை எடுக்காத அதே நம்பர். ஆடித் தள்ளுபடி, மேட் பிளாக் சிமினி, ஹாப், சிங்க் காம்போ, முந்துங்கள் அக்கா என்று போஸ்டர் அனுப்பியிருக்கிறார்.