பிசிக்ஸ் லேபுக்குள் மூன்று போன்: ஃபைஃபாக்ஸ் ஆப் எப்படி?

கும்பகோணம் பக்கம் ஒரு கிராமத்து மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன்னுக்கு பிசிக்ஸ் எடுக்கிறேன். எங்கள் பள்ளியில் பிள்ளைகள் செல்போன் கொண்டுவந்தால் அது ஹெச்.எம். பீரோவுக்குள் போய்விடும், அப்பா வந்து கையெழுத்துப் போட்டால்தான் வெளியே வரும். அந்த ஹெச்.எம்.மிடமே போய் லேபுக்குப் போன் வேண்டும் என்று நின்றேன், அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! கடைசியில் ஆசிரியர்களுடைய போன் மட்டும், லேபுக்குள் மட்டும் என்று இறங்கி வந்தார். என்னுடையது, கெமிஸ்ட்ரி டீச்சருடையது, வீட்டில் கண்ணாடி உடைந்து கிடந்த பழசு ஒன்று, ஆக மூன்று தேறியது.

ஃபைஃபாக்ஸ் ஜெர்மனியில் ஆகென் நகரத்து ஆர்.டபிள்யூ.டி.எச். பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட ஆப். காசு கிடையாது. போனுக்குள் ஏற்கெனவே இருக்கிற மைக்கையும் சென்சார்களையும் அளக்கும் கருவியாக்கிக் கொடுக்கிறது. ஒருமுறை இறக்கிவிட்டால் சோதனைக்கு நெட் தேவையில்லை. சிக்னல் ஜன்னலோரம் மட்டும் எட்டிப்பார்க்கிற எங்கள் லேபுக்கு இதுவே பெரிய விஷயம்.

நான் காசு கொடுத்தாவது வாங்கியிருப்பேன் என்று சொல்ல வைத்தது அதிலுள்ள ஒலி ஸ்டாப்வாட்ச். ஒரு சத்தத்துக்கு ஓடத் தொடங்கும், அடுத்த சத்தத்துக்கு நிற்கும், அவ்வளவுதான். வராண்டாவில் 10 மீட்டர் தள்ளித்தள்ளி இரண்டு போனை வைத்தோம். முதல் போன் பக்கத்தில் ஒருவன் கை தட்டினான், அப்புறம் இரண்டாவது போன் பக்கத்தில் ஒருத்தி தட்டினாள். முதல் தட்டல் இரண்டாவது போனுக்குத் தாமதமாகப் போய்ச்சேரும், அது தாமதமாக ஓடத் தொடங்கும்; இரண்டாவது தட்டல் முதல் போனுக்குத் தாமதமாக வரும், அது தாமதமாக நிற்கும். அதனால் முதல் போன் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், அந்த வித்தியாசம் ஒலி போக 10, வர 10 என்று 20 மீட்டர் கடக்கிற நேரம். எங்களுக்கு 0.057 செகண்ட் வந்தது, வகுத்தால் நொடிக்கு 351 மீட்டர். "சார், புத்தகத்துல 331 போட்டிருக்கே, தப்பா வந்துடுச்சு" என்றார்கள். அது 0 டிகிரிக்கு உள்ள கணக்கு, டிகிரிக்கு 0.6 வீதம் கூட்டிப் பாருங்கள் என்றேன். அன்றைக்கு 30 டிகிரி, 349 வந்தது. ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. எத்தனை வருஷமாகக் கரும்பலகையில் எழுதிப்போட்டேன், ஒருநாளும் இந்த அமைதி கிடைத்ததில்லை.

வேண்டாத சத்தத்துக்கும் அது ஓடத் தொடங்கிவிடும் என்பதை மறக்கக் கூடாது. பக்கத்து வயலில் சம்பா அறுவடை மெஷின் ஓடிய அன்று ஒன்றும் நடக்கவில்லை. எவ்வளவு சத்தத்துக்கு மேல் கேட்டால் ஓட வேண்டும் என்கிற அளவைக் கூட்டி வைக்க வசதி இருக்கிறது, அதைக் கூட்டியும் மெஷினை ஜெயிக்க முடியவில்லை.

ஊசல் சோதனைக்குப் போனையே நூலில் கட்டி ஆட்ட வேண்டும் (கெமிஸ்ட்ரி டீச்சர் தன் போனைத் தரமாட்டேன் என்றுவிட்டார், நியாயம்தான்). இதற்கு கைரோஸ்கோப், அதாவது போன் சுழல்வதை அளக்கிற சென்சார் வேண்டும், விலை குறைந்த போன் பலவற்றில் அது இருப்பதில்லை, என் பழசிலும் இல்லை. என் போனில் g, அதாவது புவியீர்ப்பு முடுக்கம், 9.7 வந்தது. நீளத்தைப் போனின் நடுப்பகுதி வரை அளக்காமல் முடிச்சோடு நிறுத்தியிருந்தால் இன்னும் கீழே போயிருக்கும். ஆடிக்கொண்டிருக்கும்போதே என் மனைவி அழைக்க, லேபே சிரித்தது. ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

மெனுவை ஆங்கிலத்தில் வைத்துத்தான் ஓட்டினோம், தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு பீரியட் அதற்கே போனது. ஆளுக்கொரு போன் இல்லையே என்று முதலில் வருத்தமாக இருந்தது, இப்போது இல்லை. ஒரு போனைச் சுற்றி எட்டுப் பேர் நின்றால் ஒருவன் தட்டுகிறான், ஒருத்தி டேப் பிடிக்கிறாள், ஒருவன் குறிக்கிறான், மீதிப் பேர் சண்டை போடுகிறார்கள், யாரும் ரீல்ஸ் பார்ப்பதில்லை.

அப்பா நாதஸ்வரம் வாசிக்கிற பையன் ஒருவன் இருக்கிறான், அவர்கள் வீட்டில் இருப்பது நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்தது. அதன் சட்ஜத்தை (ஸ) ஆப்பின் ஒலி நிறமாலையில், அதாவது ஒரு சத்தத்துக்குள் என்னென்ன அதிர்வெண் இருக்கிறது என்று காட்டுகிற படத்தில், விட்டுப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறான். வருகிற வெள்ளிக்கிழமை கடைசி பீரியட், பக்கத்து வகுப்பு டீச்சரிடம் இன்னும் சொல்லவில்லை.