கொழும்பில் ‘தோடர் சால்வை’ வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பம்பலப்பிட்டியில் ஒரு கைவினை விற்பனையில், தமிழ்நாட்டின் நீலகிரி மலையில் வாழும் தோடர் பழங்குடிப் பெண்கள் கையால் தைத்தது என்று சொல்லி 22,000 ரூபாய்க்கு எனக்கு ஒரு சால்வையை விற்றார்கள். அது மெஷின் தையல். அதே ஆட்கள் அடுத்து வெள்ளவத்தையில் கடை போடுவதாகச் சொன்னதால்தான் உடனே எழுதுகிறேன்.

சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போன எங்கள் சித்தி குடும்பம் நீலகிரியிலுள்ள கோத்தகிரியில் இருக்கிறது. தோடர்களைப் பார்த்துப் பழகியவர் சித்தி. வாட்ஸ்அப்பில் சால்வையைக் காட்டியதும், “பின்பக்கத்தைத் திருப்பும்மா” என்றார். பின்னால் முழுக்க வெள்ளை நூல் சிக்கல், அதன்மேல் ஒட்டுத்துணி. மெஷின் தையல் என்று சொல்ல சித்திக்கு அதுவே போதுமாக இருந்தது.

தோடர்கள் இந்தச் சால்வையைப் பூத்துக்குளி என்பார்கள். அசல் பூத்துக்குளி தடித்த வெள்ளைப் பருத்தித் துணி. அதில் சிவப்பு, கறுப்பு நூலால் வேலைப்பாடு இருக்கும். பெண்கள் துணியில் கோடு வரைந்துகொள்வதில்லை, சட்டமும் மாட்டுவதில்லை. நெசவின் இழைகளை விரலால் எண்ணி எண்ணி ஊசியை விடுவார்கள். அதனால் வடிவங்கள் கட்டம், முக்கோணம், நேர்வரி என்று நெசவை ஒட்டியே போகும். தைத்ததா, தறியிலேயே நெய்ததா என்று சந்தேகம் வரும். இரண்டு பக்கமும் போர்த்தலாம். எனக்குக் கிடைத்ததிலோ கொடி வளைந்து வளைந்து ஓடுகிறது, நெசவுக்குக் குறுக்கே. முதல் அலசலிலேயே சிவப்புச் சாயம் வெள்ளையில் இறங்கிவிட்டது.

விற்றவர் சொன்ன கதையும் பொய். கல்யாண மாப்பிள்ளை மட்டும் போர்த்துவது என்றார். தோடர்களில் ஆணும் பெண்ணும் போர்த்துவார்கள். இறந்தவரின் உடலையும் வேலைப்பாடு செய்த பூத்துக்குளியால்தான் போர்த்துவார்கள். ஒரு சனத்தின் பிறப்பு இறப்போடு வருகிற துணியைப் பற்றி வாய்க்கு வந்ததைச் சொல்லி விற்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பணத்தைவிடப் பெரிய கோபம். தோடர் பூவேலைக்கு 2013இல் இந்தியாவில் புவிசார் குறியீடு, அதாவது இன்ன இடத்துக்கே உரிய பொருள் என்ற சட்ட அங்கீகாரம், கிடைத்தது. மாதக்கணக்கில் கண்ணும் விரலும் நோகத் தைக்கிற அந்தப் பெண்களுக்கு இந்த 22,000இல் ஒரு சதமும் போகவில்லை.

திருப்பிக் கொடுக்கப் போனேன். “விற்ற பொருளை எடுக்க மாட்டோம்” என்றார்கள். பற்றுச்சீட்டில் வெறும் ‘சால்வை’ என்றுதான் எழுதியிருக்கிறது. ஆகவே வாங்குமுன் பின்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். ‘தோடர் கைத்தையல்’ என்று பற்றுச்சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வாங்க வேண்டாம்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு கொடுத்துவிட்டேன். அங்கே வாங்கிய வேறு யாராவது இருந்தால், சால்வையையும் சீட்டையும் எறியாமல் வைத்துக்கொண்டு அந்தச் சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து நீங்களும் முறையிடுங்கள். அப்புறம், வெள்ளவத்தையில் கடை போட்டுவிட்டார்களா என்று தெரிந்தவர்கள் இங்கே சொல்லுங்கள்.