இரண்டாவது கியரில் நான்கு சீசன்: மியாட்டாவும் ஆரஞ்சு கோன்களும்

கூரையைத் திறந்து மூடக்கூடிய இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரான மாஸ்டா மியாட்டா ஒன்றைப் பழையதாக வாங்கி நான்கு சீசன் ஓடிவிட்டது. 2017 மாடல், 2.0 லிட்டர் என்ஜின், 6 கியர் மேனுவல், ‘கிளப்’ என்ற டிரிம் (அந்த மாடலின் ஒரு ரகம்). நான் இருப்பது நியூ ஜெர்சியில். ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியாகக் கிடக்கும் ஏதாவது ஒரு பெரிய கார் நிறுத்துமிடத்தில் ஆரஞ்சுக் கோன்களால் பாதை அமைத்து, யார் குறைந்த நேரத்தில் ஓட்டி முடிக்கிறார் என்று பார்க்கும் ஆட்டோகிராஸுக்காகவே இதை வாங்கினேன். ஊரில் அம்மாவுக்கு இதை விளக்கியபோது, “ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எட்டுப் போட்டியே, அதுவா?” என்று கேட்டார். கிட்டத்தட்ட அதுதான். ஆனால் கடிகாரம் ஆயிரத்தில் ஒரு நொடி வரை அளக்கும்.

நம்மூரில் ஆட்டோகிராஸ் என்றால் பெரும்பாலும் மண்தரை. இங்கே தார், அல்லது பழைய விமான ஓடுதளத்தின் கான்கிரீட். ஒருவர் பின் ஒருவராகத்தான் ஓட்டுவோம், கார்கள் உரசிக்கொள்ளும் பேச்சே இல்லை. கோன் விழுந்தாலோ, அதைச் சுற்றித் தரையில் போட்ட கட்டத்தை விட்டு முழுவதும் வெளியே போனாலோ 2 நொடி தண்டனை. நகர்ந்தும் விழாமல் கட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் தப்பித்தோம். வழியைத் தவறவிட்டால் அந்தச் சுற்று கணக்கிலேயே வராது. 1944இல் தொடங்கிய ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா இதைச் ‘சோலோ’ என்ற பெயரில் நடத்துகிறது. தேசியப் போட்டி 1973இலிருந்து நடக்கிறது. இப்போது அது நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வருவார்கள். நான் இன்னும் போனதில்லை.

முதலில் ஒரு எச்சரிக்கை. காலை 7 மணிக்குப் போய் மாலை 4 மணிக்கு வீடு திரும்பும் நாளில், உண்மையில் கார் ஓட்டுவது 5 நிமிடம்கூட இல்லை. 50 நொடிச் சுற்று ஐந்து, அவ்வளவுதான். மீதி நேரத்தில் பாதி வெயிலில் நின்று மற்றவர்கள் தள்ளிய கோன்களை எடுத்து வைக்க வேண்டும். அது எல்லோருக்கும் கட்டாயம். இது கட்டுப்படியாகாது என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், தப்பில்லை.

காருக்கு வருவோம். எடை சுமார் 1,060 கிலோ, சக்தி 155 குதிரைத் திறன், பின்சக்கர இயக்கம். கிளப் டிரிமில் மேனுவல் எடுத்தால் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலும் (ஒரு பின்சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுப்பது) பில்ஸ்டைன் நிறுவனத்தின் டாம்பர்களும் (ஷாக் அப்சார்பர்கள்) கூடவே வரும். பழைய கார் தேடுகிறவர்கள் இந்த டிரிமைத்தான் தேட வேண்டும், பின்னால் தனியாக வாங்கிப் போட்டால் செலவு பலமடங்கு. அகலம் 1.735 மீட்டர். வாங்கும்போது நான் கவனிக்காத எண் அதுதான். ஒடுங்கிய பாதையில் அகலம் குறைந்த காருக்கு ஒவ்வொரு கோனிலும் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மிச்சமாகும். இரண்டாவது கியர் மணிக்கு சுமார் 90 கிலோமீட்டர் வரை இழுக்கும் என்பதால் கிளம்பிய நொடியோடு கியர் மாற்றுகிற வேலை முடிந்துவிடுகிறது. ஸ்ப்ரிங் மெத்தென்று இருப்பதால் திருப்பத்தில் கார் நன்றாகச் சாயும். முதலில் பயமாக இருந்தது. பிறகு பார்த்தால், டயர் பிடி விடப்போகிறது என்பதை அந்தச் சாய்வே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது.

முதல் சீசன் முழுக்க நான் கடைசி மூன்று பேரில் ஒருவன். ரேஸ் பார்த்துப் பழகிய மண்டை என்னுடையது. வெளியே இருந்து வா, உள்ளே தொடு, மறுபடி வெளியே போ. எங்கே இடம் கிடைத்தாலும் காரை அகலமாக விட்டு, பெரிய வட்டமாகத் திருப்பி, டயர் கத்த ஓட்டுவேன். வேகமாகத்தான் போகிறேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு. இரண்டாவது சீசனின் தொடக்கத்தில், அறுபது வயதைத் தாண்டிய ஒரு பயிற்றுநரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதே கார், அதே டயர், என்னைவிட 2.8 நொடி குறைவு. டயர் கத்தவே இல்லை. இறங்கும்போது அவர் சொன்னது ஒன்றே ஒன்று: நீ ரொம்ப தூரம் ஓட்டுகிறாய்.

வீட்டுக்கு வந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். நல்ல டயரில் பக்கவாட்டுப் பிடி சுமார் 1 ஜி, அதாவது காரின் எடைக்குச் சமமான விசை, என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் ஆரத்தில் ஒரு அரைவட்டத் திருப்பம். மணிக்கு ஏறக்குறைய 36 கிலோமீட்டரில் போகலாம். தூரம் 31.4 மீட்டர், நேரம் 3.17 நொடி. அதையே ஒரு மீட்டர் அகலமாக, 11 மீட்டர் ஆரத்தில் எடுத்தால் வேகம் 37 கிலோமீட்டரைத் தாண்டும். ஆனால் தூரம் 34.6 மீட்டர், நேரம் 3.33 நொடி. வேகமாகப் போனவன்தான் தாமதமாக வந்து சேர்கிறான்! அப்படி நான்கு திருப்பம் இருந்தால் 0.6 நொடிக்கு மேல் போயிற்று. எங்கள் போட்டிப் பிரிவில் முதல் இடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் நடுவே பெரும்பாலும் அவ்வளவுதான் இருக்கும்.

ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகமும் கடிகாரம் காட்டும் நேரமும் எதிரெதிராகப் போகலாம் என்பதை உடம்பு ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு சீசன் பிடித்தது. கோனை ஒட்டி, மெதுவாக, அமைதியாகத் திரும்பும்போது தூங்குவதுபோல் இருக்கும். முடிவுப் பலகையைப் பார்த்தால் அதுதான் நாளின் சிறந்த சுற்றாக இருக்கும். இதற்கு ஒரு விலக்கும் உண்டு. திருப்பம் முடிந்ததும் நீளமான நேர்ப்பாதை வந்தால் கணக்கு மாறிவிடும். அங்கே சீக்கிரம் பெடலை அழுத்தக் கிடைத்தால் நேர்ப்பாதை முழுக்க அந்த லாபம் கூடவே வரும், அதனால் உள்ளே வரும்போது கொஞ்சம் அகலம் கொடுத்து, தாமதமாகக் கோனைத் தொட்டு, காரை நேராக்கிக்கொண்டு வெளியேறுவதுதான் சரி. காலையில் பாதையை நடந்து பார்க்கும்போது நான் தேடுவதே இதைத்தான்: எந்தத் திருப்பத்துக்குப் பின்னால் ஓட இடம் இருக்கிறது, எதற்குப் பின்னால் இன்னொரு திருப்பம்தான் இருக்கிறது. குறைந்தது மூன்று முறை நடப்பேன். ஒருமுறை ஓட்டுநர் இருக்கையின் உயரத்துக்குக் குனிந்தபடியே நடப்பேன். நின்றால் தெளிவாகத் தெரியும் பாதை, உட்கார்ந்தால் ஒரே ஆரஞ்சுக் கடலாகிவிடும்.

ஸ்லாலம் தனிக் கதை. வரிசையாக நிற்கும் கோன்களை இடமும் வலமுமாக வளைந்து கடக்க வேண்டும். முதல் கோனில் அரை மீட்டர் தாமதமானால் இரண்டாவதில் ஒரு மீட்டர், நான்காவதில் கார் எங்கோ, நான் எங்கோ. கோன் கதவுக்குப் பக்கத்தில் வரட்டும் என்று காத்திருந்து ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஏற்கெனவே தாமதம். இந்தக் கோனைத் தாண்டும் முன்பே அடுத்ததற்கான திருப்பம் தொடங்கியிருக்க வேண்டும். பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்துக்கு உள்பக்கமாக வரும் என்பதால் பெரும்பாலும் கோனைத் தட்டுவது பின்பக்கம்தான். ஓட்டுகிறவருக்கு அது தெரியவே தெரியாது, பலகையில் 2 நொடி ஏறிய பிறகுதான் தெரியும். நடுவில் பயந்து பெடலிலிருந்து சட்டென்று காலை எடுக்கவே கூடாது. எடை முன்னால் சாய்ந்து பின்பக்கம் லேசாகி, கார் பம்பரம்போல் சுற்றிவிடும். எனக்கு மூன்று முறை நடந்தது. மூன்றாவது முறை கார் திரும்பி நின்றபோது எதிரே கோன் எடுக்கும் தம்பி நின்று கைதட்டிக்கொண்டிருந்தான்.

அந்தத் தம்பி என் அலுவலகத்தில் வேலை செய்யும் மதுரைப் பையன். மூன்றாவது சீசனிலிருந்து என் காரையே அவனும் ஓட்டுகிறான். ஒரே காரில் இரண்டு பேர் ஓட்ட அனுமதி உண்டு. நுழைவுக் கட்டணம் தலைக்கு 60 டாலர் போல ஆகும். டயர் செலவைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்கிறோம். ஒருநாள் பக்கத்து சீட்டில் இருந்தபடி சொன்னான்: “அண்ணே, நீங்க கோனையே பாத்துட்டு ஓட்டுறீங்க. அதான் அது வந்து இடிக்குது.” உண்மைதான். கண் எங்கே போகிறதோ கை அங்கேதான் போகும். இரண்டு கோன் தள்ளிப் பார்க்கப் பழகு என்று பயிற்றுநர்கள் தொண்டை கிழியச் சொல்வதை, இவன் ஒரே வரியில் மண்டையில் ஏற்றிவிட்டான்.

செலவு செய்ததில் எது உருப்படி? டயர். நான் ஓட்டுவது காரில் அதிக மாற்றம் செய்ய விடாத ஸ்ட்ரீட் பிரிவு; அதில் தேய்மான எண் (குறையக் குறைய டயர் சீக்கிரம் தேயும்) 200க்குக் குறையாத டயர்தான் போடலாம். அந்த எல்லைக்குள்ளேயே நன்றாகப் பிடிக்கிற டயர்கள் இருக்கின்றன. சாதாரண டயரிலிருந்து மாறிய அன்றே ஒன்றரை நொடி இறங்கியது. ஆனால் முதல் சீசனில் அதைப் போடாதது நல்லதாயிற்று. சுமார் ரகமான டயர் தப்பைச் சத்தம் போட்டுச் சொல்லும், நல்ல டயர் மறைத்துவிடும். இருவர் ஓட்டும் நாளில் டயர் அதிகமாகச் சூடேறிவிடும், செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டில் ஒன்றை டிக்கியில் வைத்திருக்கிறோம். டயரின் தோள்பட்டையில் வெள்ளை ஷூ பாலிஷைத் தடவிவிட்டு ஓட்டினால் எதுவரை தேய்கிறது என்று தெரியும், காற்றை அதற்கேற்பக் கூட்டிக் குறைக்கலாம். இரண்டு டாலர் பாலிஷில் கிடைத்த அளவு லாபம் வேறு எதிலும் கிடைக்கவில்லை.

அடுத்தது அலைன்மென்ட். இந்தக் காரில் முன்னும் பின்னும் கேம்பரை, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கும் கோணத்தை, மாற்றும் வசதி தொழிற்சாலையிலிருந்தே உண்டு. முன்பக்கம் எவ்வளவு முடியுமோ அவ்வளவு எதிர்மறையாக (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும்படி) வையுங்கள் என்று தெளிவாக எழுதிக் கொடுத்தேன். பக்கத்து ஊர்க் கடை ஒன்று கணினியில் பச்சை விளக்கு வரும்வரை திருகிவிட்டு, எல்லாம் சரி என்று அனுப்பிவிட்டது. அரை சீசனில் முன் டயர் இரண்டின் வெளித்தோளும் வழுக்கையாகிவிட்டன. இப்போது வேறு கடை, வேலை முடியும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன். திருப்பத்தில் கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்டி ரோல் பாரையும் முன்பக்கம் தடித்ததாகப் போட்டேன், விதிகள் அனுமதிக்கும் மாற்றம்தான். சாய்வு குறைந்தது. நேரம் குறைந்ததா என்றால் சத்தியமாகச் சொல்ல முடியவில்லை.

குறைகளும் உண்டு. என் உயரம் ஐந்தடி ஒன்பது, ஹெல்மெட்டோடு கூரையை மூடினால் தலை இடிக்கிறது, அதனால் மழை நாளில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு ஓட்டுகிறேன். டிக்கியில் நான்கு டயரை ஏற்றவே முடியாது, போட்டி டயரையே மாட்டிக்கொண்டுதான் போய்வர வேண்டும். உறைபனியில் அந்த டயர் கல்லாகிவிடும், வெடிப்பும் விழலாம். எனவே டிசம்பர் முதல் மார்ச் வரை டயர் வீட்டு அடித்தளத்தில், கார் சும்மா.

புதிதாக வருகிறவர்கள் மியாட்டா வாங்கிவிட்டுத்தான் வர வேண்டும் என்றில்லை. கையில் இருக்கும் கேம்ரியோ கொரோலாவோ போதும். பல இடங்களில் ஹெல்மெட் இரவல் கொடுப்பார்கள். கதவில் எண் ஒட்ட நீல நிற பெயின்டர் டேப் எடுத்து வாருங்கள். காரின் பாதுகாப்புப் பரிசோதனைக்கு நிற்கும் முன் டிக்கியைக் காலிசெய்து, ஓட்டுநர் பக்கத்து மிதியடியையும் எடுத்துவிடுங்கள். டாஷ்போர்டில் பிள்ளையார் இருந்தால் அவரையும் எடுத்து வைத்துவிட வேண்டும். என் முதல் நாளில் பரிசோதகர் அவரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், கையோடு வந்துவிட்டார். அன்று முழுக்க அவர் என் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துதான் போட்டி பார்த்தார்.