கழற்றி வைத்த டாங்கிள் எப்படி ‘பிஸி’யாக இருக்கும்?

என்னிடம் இருக்கும் யூஎஸ்பி வைஃபை டாங்கிளையே (கணினியில் செருகினால் வைஃபை தரும் சிறு கருவி) தானும் வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவரும் லினக்ஸ்காரர்தான். வேகம், சிக்னல் பற்றியெல்லாம் அட்டைப்பெட்டியே சொல்லிவிடும். நான்கு ஆண்டுகளில் டாங்கிள் ஒருமுறைகூடப் பழுதானதில்லை. என் கோபமெல்லாம் அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் மீது.

நான் வாங்கியபோது லினக்ஸின் மையமான கெர்னலில் இதற்கு டிரைவர் இல்லை. வெளியே கிடைத்த மூலநிரலை, கெர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரை மறுபடி தொகுத்துத் தரும் டிகேஎம்எஸ் வழியாக நிறுவி நிம்மதியாக இருந்தேன். சென்ற ஆண்டு கெர்னலைப் புதுப்பித்தேன், வைஃபை போய்விட்டது. டிரைவர் அடங்கிய மாட்யூலை (கெர்னலில் ஏற்றும் நிரல்துண்டு) மோட்புரோப் கட்டளை கொண்டு ஏற்றினால் ‘டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி’, அதாவது சாதனமோ வளமோ வேறு வேலையில் இருக்கிறது, என்றது. யார் பயன்படுத்துகிறார்கள் என்று தேடி அலுத்து, டாங்கிளையே பிடுங்கி மேசைமேல் வைத்துவிட்டு மறுபடி முயன்றேன். அப்போதும் பிஸியாம்! மேசைமேல் கிடப்பதற்கு அப்படி என்ன வேலை?

கெர்னலின் நிகழ்வுப் பதிவில்தான் விடை இருந்தது: அதே பெயரில் டிரைவர் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது, பிழை எண் -16. சாதனம் பிஸியில்லை, பெயர்தான் பிஸி. ஒரே பஸ்ஸில் (யூஎஸ்பி போன்ற இணைப்புத் தடம்) ஒரே பெயரோடு இரண்டு டிரைவர்கள் பதிவாக முடியாது. புதிய கெர்னல் தன் சொந்த டிரைவரோடு வந்திருக்கிறது; அது முந்திக்கொண்டு பெயரைப் பதிந்துவிட்டது. ஆனால் அதற்கு வேண்டிய ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள் ஏற்றப்படும் நிரல்) கோப்பு என் கணினியில் இல்லை. ஆக, தானும் வேலை செய்யவில்லை, மற்றதையும் விடவில்லை. வைக்கோற்போர் நாய்தான்.

பதிவில் கண்ட பெயரை, எதைத் தானாக ஏற்றக் கூடாது என்று சொல்லும் தடைப்பட்டியலில் எழுதி மறுதொடக்கம் செய்தேன். பலனில்லை. அது டிரைவரின் பெயர். தடைப்பட்டியலுக்கு வேண்டியது மாட்யூலின் பெயர். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இல்லாத மாட்யூலைத் தடுக்கச் சொன்னாலும் அது முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்கிறது. ஒரு மாலை முழுவதும் இதில் போயிற்று. பெயர் எடுக்கப்பட்டுவிட்டது என்று சொல்லத் தெரிந்த கெர்னலுக்கு, எடுத்தது யார் என்றும் சேர்த்துச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

இதற்கு நடுவே ஒரு மகிழ்ச்சி. கெர்னல் தன் நிலவரத்தைக் காட்டும் சிஸ் கோப்பகத்தில் பஸ், யூஎஸ்பி, டிரைவர்ஸ் என்று இறங்கினால், மாட்யூலாக ஏற்றப்பட்ட ஒவ்வொரு டிரைவரின் கோப்புறைக்குள்ளும் ‘மாட்யூல்’ என்றொரு இணைப்பு இருக்கிறது. அது யாரைச் சுட்டுகிறதோ அவர்தான் பெயரைப் பிடித்து வைத்திருப்பவர். இவ்வளவு அழகாக ஒழுங்குபடுத்தியவர்களா அந்தப் பிழைச்செய்தியையும் எழுதினார்கள்? அங்கே கண்ட மாட்யூலை இறக்கிவிட்டு என்னுடையதை ஏற்றியதும், மறுபடி செருகிய டாங்கிளின் விளக்கு எரிந்தது.

ஃபர்ம்வேர் தொகுப்பை மட்டும் நிறுவியிருந்தாலே கெர்னலின் சொந்த டிரைவர் ஓடியிருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. புதிய கெர்னலும் அந்தத் தொகுப்பும் இருந்தால், இன்று வாங்குகிறவருக்கு இந்தத் தொல்லை எதுவும் வராது, செருகினால் போதும். ஆனாலும் நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அந்த மாலையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.