ஏழு மாதச் சம்பளம் போனது, வண்டிக்குள் என் பழைய ஆக்சில் அப்படியே இருந்தது

நேற்று மாலைதான் டிஃபரன்ஷியல் (இன்ஜின் சக்தியைப் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) மூடியைக் கழற்றினோம். இரவு முழுக்கத் தூக்கமில்லை. எழுத்து முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பின் ஆக்சிலைப் பலப்படுத்த யாரிடமாவது காசு கொடுக்கப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் வண்டி 2001 மஸ்டாங் ஜிடி, மேனுவல் கியர். ஃபேக்டரியிலிருந்து வரும்போது 260 குதிரைத்திறன். போன வருடம் சூப்பர்சார்ஜர் போட்ட பிறகு டார்க், அதாவது முறுக்குவிசை மட்டும் 600 நியூட்டன் மீட்டர் பக்கம் வந்துவிட்டது. பின்னால் இருப்பது ஃபோர்டின் 8.8 அங்குல ஆக்சில். அதன் கிரவுன் வீல், அதாவது உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரம் நல்ல கனம், அதைக் குறை சொல்ல மாட்டேன். பயம் சக்கரத்தைச் சுற்றும் கம்பியான ஷாஃப்ட் மேல்தான். அது 28 ஸ்ப்ளைன், அதாவது அதன் உள்முனையில் 28 பல் வரிகள். 600-ஐ முதல் கியர் ரேஷியோ 3.38-ஆல் பெருக்குங்கள், பிறகு நான் போட நினைத்த பின் கியர் 3.73-ஆல் பெருக்குங்கள். 7,500-ஐத் தாண்டும். கிளட்சைச் சட்டென்று விட்டால் அந்த அடியை இரண்டு இரும்புக் கம்பிகள் வாங்க வேண்டும். 31 ஸ்ப்ளைனுக்கு மாறினால் விட்டம் சுமார் 1.2 அங்குலத்திலிருந்து 1.32 ஆகிறது. பார்க்கச் சின்ன வித்தியாசம். ஆனால் முறுக்கைத் தாங்கும் பலம் விட்டத்தின் முப்படிக்கு ஏற்ப ஏறும் என்பதால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் பலம் கிடைக்கும்.

இன்னொன்று, இந்த ஆக்சிலை உள்ளே பிடித்து வைத்திருப்பது ஒரு சின்ன சி-கிளிப். ஷாஃப்ட் முறிந்தால் பிடிமானம் போய் சக்கரத்தோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். பக்கத்து சீட்டில் என் மகள் உட்காரும் வண்டி இது. அதனால்தான் ஏழு மாதச் சம்பளத்தைச் சேர்த்து வைத்து இந்த வேலைக்கு இறங்கினேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. ஆன்லைனில் பெர்ஃபார்மன்ஸ் பாகங்கள் விற்று, தன் ஒர்க்‌ஷாப்பிலேயே பொருத்தியும் கொடுக்கும் வகை.

நான் எப்படி நம்பினேன் என்பதைச் சொல்கிறேன், அதுதான் முக்கியம். முதல் ஃபோனிலேயே அந்த ஆள் விலை பேசவில்லை. டயர் என்ன, மேனுவலா ஆட்டோமேட்டிக்கா, தினமும் ஓட்டுகிறீர்களா, டிராக்குக்குப் போவீர்களா என்று வரிசையாகக் கேட்டார். ஒட்டுகிற டயரும் மேனுவல் கிளட்சும் சேர்ந்தால்தான் ஆக்சில் முறியும், வழுக்குகிற டயர் அடியைத் தானே தணித்துவிடும் என்று விளக்கினார். சரியான பேச்சு. ஸ்பூல் போடலாமா என்று கேட்டதற்கு, "வேணாம் பிரதர், தெருவுல ஓட்டுற வண்டிக்கு அது எமன். வளைவுல ரெண்டு சக்கரமும் ஒரே வேகத்துல சுத்தும், மழையில பின்பக்கம் இழுத்துட்டுப் போயிடும்" என்றார். 35 ஸ்ப்ளைன் கேட்டேன். "உங்க பவருக்கு 31 போதும், ஏன் காச வீணடிக்கிறீங்க?" என்றார்.

அந்த இடத்தில்தான் விழுந்தேன். அதிகமாக விற்கப் பார்ப்பவனைச் சந்தேகப்பட எனக்குத் தெரியும். வேண்டாம் என்று தடுப்பவனை எப்படிச் சந்தேகப்படுவது?

பேசியது இதுதான்: கிளட்ச் பிளேட்டே இல்லாத ஹெலிக்கல் கியர் வகை லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமல் தடுக்கும் டிஃபரன்ஷியல்), 4340 ஸ்டீலில் 31 ஸ்ப்ளைன் ஷாஃப்ட் இரண்டு, 3.73 கிரவுன் பினியன் (கிரவுன் வீலும் அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமும்), பேரிங் எல்லாம் புதிது. பாதி இப்போது, பாதி வேலை முடிந்த பிறகு என்றேன். "ஆக்சில உங்க வண்டி அளவுக்கு ஆர்டர் போட்டுட்டா வேற யாருக்கும் விக்க முடியாது பிரதர்" என்றார். நியாயமாகத் தெரிந்தது. ஏழு மாதச் சம்பளத்தையும் ஒரே தடவையில் அனுப்பினேன். இரண்டு நாளில் ஃபோட்டோ வந்தது. பச்சை ரப்பர் விரிப்பு மேல் பளபளவென்று இரண்டு ஷாஃப்ட், ஓரத்தில் கைப்பிடி உடைந்த ஒரு கப். மனைவியிடம் காட்டிச் சந்தோஷப்பட்டேன்.

வண்டி திரும்பி வந்ததும் ஹைவேயில் ஆர்பிஎம் முன்பைவிட ஏறியிருந்தது. பழைய ரேஷியோ 3.27 என்பதால் கியர் மாறியது நிஜம் என்று தெரிந்தது. அதை வைத்து மற்ற எல்லாமும் மாறியிருக்கும் என்று நம்பிவிட்டேன்.

மூன்றாவது நாள் ஆக்சிலரேட்டரை விட்டால் பின்னால் ஊளைச் சத்தம். கூப்பிட்டேன். "புது கியர் பிரதர், 500 மைல் ஓடட்டும், அடங்கிடும்." ஓட்டினேன், அடங்கவில்லை. பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் கடகடவென்று உதறல் வேறு. இது கிளட்ச் வகை டிஃபரன்ஷியல் பண்ணும் வேலை. ஹெலிக்கலில் உதற அங்கே பிளேட்டே கிடையாதே என்று கேட்டேன். "ஆயில் செட் ஆகணும் சார்." பிரதர் போய் சார் ஆகியிருந்தது. வண்டியைக் கொண்டுவரவா என்றால் செட்டிங் பண்ணுகிறவர் லீவு. அடுத்த வாரமும் லீவு. அதற்கும் அடுத்த வாரம், "நீங்க லாஞ்ச் அடிச்சிருப்பீங்க, ரேஸ் ஓட்டினா வாரண்டி இல்ல." கிளட்சைச் சட்டென்று விட்டுப் பாயும் அந்த லாஞ்சை நான் அடிக்கவே இல்லை, கியர் பழகட்டும் என்று கால் வைக்கப் பயந்து ஓட்டிக்கொண்டிருந்தேன்! அதற்குப் பிறகு மெசேஜைப் பார்ப்பார், பதில் வராது.

நேற்று வேறொரு மெக்கானிக் அண்ணன் மூடியைத் திறந்தார். ஆயில் வெள்ளி பெயிண்ட் மாதிரி மின்னிக்கொண்டு இறங்கியது. பேக்லாஷ், அதாவது கியர் பற்களுக்கு நடுவே இருக்கும் தளர்வு, பொதுவாக ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 8 முதல் 12 பங்குக்குள் இருக்க வேண்டும். கேஜ் 24 காட்டியது. பற்களில் பேஸ்ட் தடவிச் சுற்றிப் பார்த்தால் தொடும் இடம் நடுவில் இல்லை, ஓரத்தில் கடிக்கிறது. கிரவுன் பினியன் இரண்டுமே இனி குப்பை. டிஃபரன்ஷியல் ஜன்னல் வழியாக எஸ் வடிவ ஸ்பிரிங் தெரிந்தது. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அது கிளட்ச் பிளேட் வகை, யாரோ ஓட்டித் தேய்த்த பழையது.

பிறகு குறுக்குப் பின்னை எடுத்து, ஆக்சிலை உள்ளே தள்ளி, கிளிப்பைக் கழற்றி ஷாஃப்ட்டை உருவினார். நானே எண்ணினேன். 28. நம்பாமல் மறுபடி எண்ணினேன். 28. சக்கரம் பொருந்தும் ஃபிளாஞ்சில் இரண்டு வருடம் முன்பு வீல் ஸ்டட் மாற்றும்போது என் சுத்தியல் பட்ட வடு அப்படியே இருந்தது. என் பழைய ஆக்சில். ஸ்ப்ளைன் வரிகள் நேராக இல்லாமல் முறுக்கிய கயிறு மாதிரி சாய்ந்திருந்தன. முறியத் தொடங்கிய கம்பியை வைத்துக்கொண்டு மகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன்.

அண்ணனின் ஃபோனிலிருந்து கடைக்காரரைக் கூப்பிட்டேன், உடனே எடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் ஒரே வரி: "வெளிய திறந்துட்டீங்கல்ல, இனி நாங்க பொறுப்பில்ல." ஏழு மாதச் சம்பளம், ஒரே வரியில் முடித்துவிட்டார்.

எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு இல்லை. இவ்வளவுதான் சொல்ல முடிகிறது. முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். பாகங்கள் முதலில் உங்கள் கைக்கு வரட்டும், ஸ்ப்ளைனை நீங்களே எண்ணுங்கள், ஷாஃப்ட்டின் உள்முனையில் பெயிண்டால் உங்கள் குறி போடுங்கள். மூடி போடும் முன் போய் நில்லுங்கள். பேக்லாஷ் அளவையும் பேஸ்ட் தடவிய பற்களின் ஃபோட்டோவையும் உங்கள் ஹவுசிங் தெரிகிற மாதிரி கேளுங்கள். கழற்றிய பழைய பாகங்களை வாங்காமல் வண்டியை எடுக்காதீர்கள். நான் அதை ஒன்று கேட்டிருந்தாலே அன்றே பிடிபட்டிருப்பான்.

பச்சை ரப்பர் விரிப்பு, கைப்பிடி உடைந்த கப். அந்த ஃபோட்டோ உங்களுக்கும் வந்திருந்தால் பணத்தை அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியவர்கள் இன்றைக்கே எனக்குத் தனிச் செய்தி போடுங்கள், புகாரைச் சேர்ந்தே கொடுப்போம்.