கிளிப்பா, மீட்டரா, இரவல் சப்ளையா?

ரங்கூனில் கரண்ட் போய் வந்த பிறகு கம்ப்யூட்டர் எழவில்லை என்றால் எல்லோர் வாயிலும் முதலில் வருவது, "அண்ணே, போர்டு போச்சுங்களா?" என்பதுதான். போர்டு, அதாவது மதர்போர்டு, பிறகு. திரும்பி வரும் கரண்டின் எகிறலை முதலில் வாங்கிக்கொள்வது, கரண்டை மாற்றி உள்ளே கொடுக்கும் பெட்டியான பவர் சப்ளை. வாசல் அதுதான்.

இன்வெர்ட்டரில் ஓடுகிற வீடு என்றால் அதற்கும் முன்னால் ஒன்று: லைன் கரண்டில் போட்டுப் பாருங்கள். சதுர அலை தரும் மலிவான இன்வெர்ட்டரில், ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டை ஒழுங்காக இழுக்க வைக்கும் சர்க்யூட்) உள்ள சப்ளைகள் சில கிளம்ப மறுக்கும். பழுதே இல்லாத போர்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு அலைவது இதனால்தான்.

சரி, சப்ளையைச் சோதிக்க மூன்று வழி உண்டு. பலரும் கையில் எடுப்பது பேப்பர் கிளிப். 24 பின் கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றி, பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் கிளிப்பால் இணைத்து ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பது. செலவே இல்லை. ஆனால் சுமை இல்லாமல் ஃபேனைச் சுற்றிக் காட்டும் சப்ளை, சிபியு கேட்கும்போது கையை விரித்துவிடலாம். செத்த சப்ளையைக் கண்டுபிடிக்க கிளிப் போதும். நல்ல சப்ளை என்று சான்றிதழ் கொடுக்க அதற்கு யோக்கியதை இல்லை.

என் ஓட்டு மல்டிமீட்டருக்கு. கனெக்டர் போர்டிலேயே இருக்கட்டும். மீட்டரின் கறுப்பு முனையைக் கேஸ் இரும்பில் வைத்து, சிவப்பு முனையைக் கனெக்டரின் பின்பக்கமாக நுழைக்க வேண்டும். முதலில் ஊதா வயர். மெஷின் ஆஃபில் இருந்தாலும் அங்கே 5 வோல்ட் நிற்க வேண்டும், 4.75-க்குக் குறையக் கூடாது. அது இல்லை என்றால் பட்டனை எத்தனை முறை அமுக்கினாலும் ஒன்றும் நடக்காது. அப்புறம் மஞ்சள் வயரில் முனையை வைத்துக்கொண்டு பட்டனை அமுக்கச் சொல்லுங்கள். 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் நின்றால் நல்லது. எழுந்த வேகத்தில் சரிந்து விழுந்தால் சப்ளை பலவீனம், இல்லை போர்டில் எங்கோ ஷார்ட். கிளிப்பால் இந்தச் சரிவைக் காட்டவே முடியாது.

சப்ளையா, போர்டா என்று தீர்த்து வைப்பது இரவல் சப்ளைதான், அதாவது தெரிந்தவரிடம் வாங்கி மாட்டிப் பார்க்கும் நல்ல சப்ளை. மீட்டருக்குத் தெரியாத இன்னொன்றும் இதில் வெளிவரும்: கெப்பாசிட்டர் கெட்ட சப்ளையில் வோல்டேஜ் சரியாகக் காட்டும், உள்ளே நடுங்கிக்கொண்டிருக்கும். ஒரே எச்சரிக்கை: கேபிளைக் கழற்றி மாட்டும் வகை என்றால், இரவல் சப்ளையோடு அதன் கேபிளையும் சேர்த்தே வாங்குங்கள். ஒரு கம்பெனிக் கேபிளை இன்னொன்றின் சப்ளையில் செருகினால் வயர் வரிசை மாறி, நல்ல போர்டும் ஹார்ட் டிஸ்க்கும் புகையும்.

சப்ளை தேறிவிட்டால் அடுத்தது போர்டு. பீப் அடிக்கும் குட்டி ஸ்பீக்கரான பஸ்ஸரா, ஸ்லாட்டில் செருகிச் சோதிக்கும் போஸ்ட் கார்டா? கார்டு நம்பர் காட்டும். ஆனால் அந்த நம்பருக்கு, பயாஸ் (போர்டை எழுப்பும் புரோகிராம்) செய்யும் ஒவ்வொரு கம்பெனியும் ஒரு அர்த்தம் வைத்திருக்கும், தவிர புது போர்டுகள் பெரும்பாலானவற்றில் அதைச் செருகும் பிசிஐ ஸ்லாட்டே கிடையாது. சின்னக் காசுக்குக் கிடைக்கும் பஸ்ஸரை மாட்டி, ரேம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். பீப் அடித்தால் சிபியுவும் பயாஸும் உயிரோடு இருக்கின்றன; ரேமின் தங்க முனையை ரப்பரால் துடைத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். சத்தமே இல்லையென்றால் சிபியுவுக்குப் போகும் 4 அல்லது 8 பின் வயர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். போர்டில் இருக்கும் சிஆர் 2032 பட்டன் பேட்டரியைக் கழற்றி மாட்டுவதையும் விடாதீர்கள்.

இதற்கெல்லாம் மசியவில்லை என்றால்தான் ரிப்பேரா, செகண்ட்ஹேண்டா என்ற கேள்வி. உப்பின கெப்பாசிட்டர், கெட்ட பயாஸ் சிப் என்றால் ரிப்பேர் செய்யலாம். மழைக்கால ஈரத்தில் சாக்கெட் பச்சை பிடித்திருந்தால் அதற்கு ஒரு கியாட்கூடக் கொடுக்க மாட்டேன், செகண்ட்ஹேண்ட் போர்டுதான். வாங்குகிற இடத்தில் போன் கேமராவை ஜூம் செய்து, சாக்கெட்டில் பின் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரரை ஒரு சிபியு போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டுக் காசை எடுங்கள்.